பதினோரு தடவை எழுந்து போனவள்

மாதேஸ்வரி வேலை பார்த்த லைனில் இருபத்திரண்டு பேர். இருசக்கர வண்டிக்குள்ளே ஓடுகிற ஒயர்க் கட்டைத் தயாரிக்கும் கம்பெனி அது. ஓசூரில் அப்படிப் பல இருக்கின்றன. பலகை ஒன்று நகர்ந்து வரும். மாதேஸ்வரி அதில் ஆறு ஒயர்களை அதனதன் துளையில் சொருகி, 'டிக்' என்று விழுந்ததா எனக் காதால் கேட்டுக்கொண்டு அடுத்தவரிடம் விடுவாள். ஒரு பலகைக்கு எழுபது விநாடி. யாராவது எழுந்து போனால் அந்த இடத்தில் நிற்க லைனுக்கு ஒரே ஒரு மாற்று ஆள். அவருக்கு ரிலீவர் என்று பெயர். ரிலீவர் வேறொருவருக்காக நின்றுகொண்டிருந்தால் கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாமல் எழுந்துவிட்டால் லைன் நின்றுவிடும். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். இருபத்தோரு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒன்பது வருடத்தில் அவளால் ஒருமுறைகூட அந்த விளக்கு எரிந்ததில்லை. முப்பத்தெட்டு வயது. பிறந்தது சாமல்பட்டி. வாழ்க்கைப்பட்டது குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஊர். கணவன் முனிவேல் சின்ன லோடு வண்டி வைத்துத் தக்காளி ஏற்றுகிறான். மகள் சத்யப்ரியா பிளஸ் டூ, மகன் ஏழாவது. காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் வந்து நிற்கும், ஏழு மணிக்கு லைன் ஓடத் தொடங்கும், மூன்றரைக்கு முடியும். மாதேஸ்வரி அதிகம் பேசுகிறவள் அல்ல. வேலை சுத்தம் என்று பெயர் எடுத்திருந்தாள். புதிதாக வந்தவர்களை முதல் வாரம் அவள் பக்கத்தில்தான் நிற்க வைப்பார்கள்.

சித்திரை மாதத்தில்தான் தொடங்கியது. முதலில் தாகம். அந்த வருடம் வெயில் கடுமை என்பதால் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஒரு லிட்டர் பாட்டில் கொண்டு போனவள் இரண்டு கொண்டு போனாள், பிறகு மூன்று. குடித்து முடித்த கையோடு நாக்கு மறுபடியும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரவில் இரண்டு முறை எழுந்தவள் நான்கு முறை எழ ஆரம்பித்தாள்.

"வெயிலுக்குத் தண்ணி ஜாஸ்தி குடிக்கிற, போவுது. அதுக்கு என்னா?" என்றான் முனிவேல். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வைகாசியில் உடம்பு இளைத்தது. ஓர் உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போன பட்டுப்புடவையின் ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. பஸ்ஸில் பெண்கள் கண் வைக்காத குறையாகப் பார்த்தார்கள். "என்னாக்கா, டயட்டா? எங்களுக்கும் சொல்லு" என்றாள் ஒருத்தி. ஒன்பது வருடமாக ஏறியே வந்த உடம்பு தானாக இறங்கினால் யாருக்குத்தான் வருத்தம் வரும்? மாதேஸ்வரி இரண்டு ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது. பசி மட்டும் குறையவில்லை. முன்பு ஓர் உருண்டை கேழ்வரகுக் களி தின்றவள் இப்போது இரண்டு தின்றாள். அப்படியும் இளைத்தாள்.

அடுத்து வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடிவயிற்றுக்குக் கீழே, சொல்லக் கூசும் இடத்தில் அரிப்பு. மாம்பழச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அந்த இரண்டு மாதம் எல்லாக் கட்டிக்கும் கொப்புளத்துக்கும் மாம்பழத்தின் மேல்தான் பழி. மருந்துக் கடையில் வேர்க்குருவுக்கு என்று சொல்லிப் பவுடர் வாங்கினாள். மாம்பழம் தின்பதையும் நிறுத்தினாள். அரிப்பு நிற்கவில்லை.

கடைசியாகக் கண். அவள் கைக்கு வரும் ஒயர்களில் ஒன்று பச்சையில் மஞ்சள் கோடு, இன்னொன்று பச்சையில் வெள்ளைக் கோடு. இரண்டும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்தன. ஒரே நாளில் மூன்று பலகைகள் சோதனை மேசையிலிருந்து திரும்பி வந்தன. கிருஷ்ணகிரியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பவர் பார்த்துவிட்டு, "வயசுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்மா. எதுக்கும் ஒரு தடவ சுகர் பாத்துருங்க" என்றார். அவள் தலையாட்டினாள். கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். சுகர் பார்க்கவில்லை. சர்க்கரை என்பது உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருவது என்பது அவள் எண்ணம். எட்டரை மணி நேரம் நின்று வேலை செய்து, வீட்டுக்கு வந்து களி கிளறித் தின்கிற உடம்புக்கு அது எங்கிருந்து வரும்?

கம்பெனியில் பெண்கள் கழிப்பறை ஸ்டோருக்கு அப்பால். போய்வர நான்கு நிமிடம். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை போவதை யாரும் கேட்கமாட்டார்கள். மாதேஸ்வரி ஆறு தடவை, ஏழு தடவை என்று போக ஆரம்பித்தாள். ரிலீவர் இல்லாதபோதும் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் மறுபடியும் எரிந்தது.

லைன் லீடர் சுடலைமுத்து, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன். முப்பத்தொரு வயது. டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் பேச்சில் தாமிரபரணி அப்படியே இருந்தது. கெட்டவன் அல்ல. ஆனால் லைன் ஏன் நின்றது என்று ஒவ்வொரு நாளும் மாலையில் மேலே பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

"எக்கா, என்னக்கா செய்யுது? உடம்புக்கு முடியலையா?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. வெயிலு."

"ஃபேனை உங்க பக்கம் திருப்பிவிடச் சொல்லுதேன். ஆனா லைன் நின்னா என்னையத்தான கேக்காவ."

ஆண்பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது? அன்றிலிருந்து அவன் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தான். அவள் எழுந்த மணி, திரும்பிய மணி.

தண்ணீரைக் குறைத்தால் சரியாகும் என்று மாதேஸ்வரி ஒரு கணக்குப் போட்டாள். பஸ் ஏறும் முன்பிருந்து மதியச் சாப்பாடு வரை ஒரு சொட்டுக் குடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். வாய் காய்ந்து உதடு வெடித்தது. பத்து மணிக்குத் தலைவலி வந்தது. கால் கெண்டைச்சதை பிடித்து இழுத்தது. அப்படியும் சிறுநீர் மட்டும் குறையவில்லை. குடிக்காத தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அது உடம்பிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அப்போது அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

பஸ்தான் எல்லாவற்றையும்விட மோசம். குருபரப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை ஒரு மணி நேரம் அடக்க வேண்டும். ஜூன் மாதம் ஒரு நாள் சூளகிரி தாண்டும்போது அவளால் முடியவில்லை. எழுந்து முன்னால் போய், டிரைவரிடம் குரலைத் தாழ்த்தி, பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொன்னாள். நாற்பது பேர் இருந்த பஸ் நின்றது. அவள் இறங்கி, பங்க்கின் பின்பக்கம் போய்விட்டு வந்து ஏறினாள். ஜன்னலோரம் இருந்த காளியம்மாள், வேறு லைன்காரி, மாதேஸ்வரி கேட்கும்படியாக, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"லைன்லயும் இதே கதைதான். பாத்ரூமுக்குன்னு போய் யாருக்கோ போன் பேசிக்கினு இருக்காங்களாம்."

போன்களை எல்லாம் காலையிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது காளியம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. மதியத்துக்குள் மூன்று லைன்களுக்குப் பரவியது.

அதற்கு அடுத்த வாரம் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்ரீராம் என்ற இளம் அதிகாரி ஒரு தாளை நீட்டினார். மெமோ. ஜூன் மூன்றாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை, எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் அவள் இடத்தில் இல்லை என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல். பன்னிரண்டாம் தேதி மட்டும் பதினோரு தடவை. கடைசியில், இதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும் என்று இருந்தது.

"நீங்க பழைய ஆளு. அதனாலதான் நேர்ல கூப்பிட்டுக் குடுக்கறேன். விளக்கம் எழுதிக் குடுத்துருங்க, பாத்துக்கலாம்" என்றார் ஸ்ரீராம்.

அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அறையை விட்டு வெளியே வந்ததும் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

வீட்டில் முனிவேல் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். "இதெல்லாமா எழுதுவானுங்க?" என்று கம்பெனியைத் திட்டினான். திட்டி முடித்த பிறகு, "ஆனா என்னான்னு விளக்கம் எழுதுவ?" என்று கேட்டான்.

யோசனை சொன்னது நாராயணம்மா. அதே தெருக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் தன்னார்வலர். பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். அவள் மாதேஸ்வரியின் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் கதவு பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தபோது, "எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லக்கா, வயசானவங்களுக்குப் பாருங்க" என்று மாதேஸ்வரியே திருப்பி அனுப்பியிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி யூரின் இன்ஃபெக்‌ஷன்னு ஒரு சீட்டு வாங்கிக்கினு வா. டாக்டர் சீட்டு இருந்தா கம்பெனிக்காரன் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் நாராயணம்மா.

ஆக, மறுநாள் லீவு போட்டுவிட்டு மாதேஸ்வரி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது பரிசோதனைக்கு அல்ல. சீட்டுக்கு.

டாக்டர் சுமலதாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கர்நாடக எல்லையோரம் தளி பக்கத்துப் பெண். முன்னால் இருந்த கிழவரிடம் தெலுங்கில் பேசினார், அடுத்த பெண்ணிடம் கன்னடத்தில், மாதேஸ்வரியிடம் தமிழில்.

"என்ன பண்ணுது?"

"யூரின் இன்ஃபெக்‌ஷன் மேடம். கம்பெனிக்கு ஒரு சீட்டு வேணும்."

"இன்ஃபெக்‌ஷன்னு யாரு சொன்னாங்க?"

மாதேஸ்வரி மடியிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எரிச்சல் இருக்குதா? காய்ச்சல்? ஒரு நாளைக்கு எத்தன தடவ போறீங்க?"

எத்தனை என்று வாயால் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வரிசை வாசல்வரை நின்றது. அவள் பையைத் திறந்து மெமோவை எடுத்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பி இரண்டாம் பக்கத்தையும் படித்தார். சிரிக்கவில்லை. விரலை வைத்து பன்னிரண்டாம் தேதியின் வரிகளை எண்ணினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இவ்வளவு சரியா யாரும் எனக்குச் சொன்னதே இல்லம்மா. எட்டரை மணி நேரத்துல பதினோரு தடவ. ராத்திரிக்கு?"

"நாலு... அஞ்சு."

"தாகம்?"

"ஆமா."

"உடம்பு எளச்சிருக்கா?"

"ஏழு கிலோ. நானா கொறைக்கல."

"கண்ணாடி எப்ப போட்டீங்க?"

"போன மாசம்."

டாக்டர் கதவைச் சாத்தச் சொல்லி நர்சுக்குச் சைகை காட்டினார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தி, "கீழ அரிப்பு இருக்குதா?" என்று கேட்டார்.

மாதேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாதது. ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"என்ன போட்டீங்க, பவுடரா? அதால போவாது. பிரசவத்தப்போ சுகர் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகன் வயிற்றில் இருந்தபோது குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்தார்கள். கூட இருக்கிறது என்றார்கள். நான்கு மாதம் அரிசியையும் இனிப்பையும் குறைத்தாள். பிள்ளை நான்கு கிலோ பிறந்தான். தெருவே வந்து பார்த்தது. குழந்தை பிறந்து ஒன்றரை மாதத்தில் மறுபடி பார்த்தபோது சரியாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் அட்டையில் எழுதியும் கொடுத்திருந்தாள். அந்த அட்டை தடுப்பூசி அட்டையோடு பீரோவில் எங்கோ இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

"அதான்" என்றார் டாக்டர். "கர்ப்பத்துல ஒரு தடவ வந்துச்சுன்னா பின்னாடி வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். வந்தே தீரும்னு இல்ல. ஆனா பாத்துக்கினே இருக்கணும்."

நர்ஸ் விரல் நுனியைத் துடைத்து ஊசியால் குத்தினாள். ஒரு சொட்டு இரத்தம். கருவி சில விநாடி எண்ணியது. முந்நூற்று நாற்பத்திரண்டு.

அந்த எண் பெரிதா சிறிதா என்று மாதேஸ்வரிக்குத் தெரியவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சிறுநீரையும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நிறைய இருந்தது. நிலைமை முற்றினால் வரும் கீட்டோன் என்ற பொருளும் இருக்குமோ என்று டாக்டர் பயந்தார், அது இல்லை. அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டியதில்லை, மாத்திரையிலேயே தொடங்கலாம் என்றார். மறுநாள் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை ஒன்று என்று எழுதினார்.

"ரத்தத்துல இவ்வளவு சக்கரை இருந்தா சிறுநீரகம் அத வெளியே தள்ளும். தனியாத் தள்ள முடியாது, தண்ணியோட சேத்துத்தான் தள்ளும். அதான் ஓடிக்கினே இருக்கீங்க. தண்ணி குடிக்காம இருந்தீங்களா?"

"ஆமா மேடம். லைன் நிக்குதுன்னு."

"இனிமே அப்படிச் செய்யாதீங்க. அது ஆபத்து."

"களிதான் மேடம் சாப்பிடறோம். களி தின்னா சுகர் வராதுன்னு..."

"களியும் மாவுதான். நல்லதுதான், ஆனா ரெண்டு உருண்ட தின்னா ரெண்டு உருண்ட மாவு. அளவு வேணும். கூடக் கீரை, பருப்பு, முட்டைன்னு சேத்துக்குங்க."

மாதேஸ்வரி அழவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மனதில் முதலில் ஓடியது நோய் அல்ல. நான் வேலையை ஏமாற்றவில்லை என்பதுதான். சில வாரமாக அவளுக்கே அதில் சந்தேகம் வந்திருந்தது.

மறுநாள் முடிவுகளும் சர்க்கரை என்றே சொன்னன. வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு. மூன்று மாதச் சராசரி பத்து சதவீதத்துக்கு மேல், ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய். அறிகுறி சித்திரையில் தெரிந்தது. நோய் அதற்கு முன்பே வந்திருக்கும் என்றார் டாக்டர். சீட்டு கொடுத்தார். அதில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று எழுதவில்லை.

விளக்கக் கடிதம் எழுதுவதில்தான் வீட்டில் சண்டை வந்தது.

"சுகர்னு எழுதாத" என்றான் முனிவேல். "நீ காண்ட்ராக்ட். டிசம்பர்ல புதுப்பிக்கணும். நோயாளின்னு தெரிஞ்சா விடுவானா? சும்மா இன்ஃபெக்‌ஷன்னு எழுது, சரியாப் போச்சுன்னு எழுது."

"சரியாப் போவாது. ஆயுசு முழுக்க இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. நேரத்துக்குச் சாப்பிடணும். இன்னும் ஒரு மாசத்துக்கு அடிக்கடி போவணும். அப்ப என்னா எழுதறது?"

"அப்ப பாத்துக்கலாம்."

"போன் பேசப் போறேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. அதுவே மேலா உங்களுக்கு?"

முனிவேல் அந்தப் பேச்சை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான். யார் சொன்னது என்று எழுந்தான். உட்காருங்க என்றாள் மாதேஸ்வரி. அவன் உட்கார்ந்தான்.

சத்யப்ரியா எழுதினாள். 'மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது' என்று அவள் தொடங்கியதை மாதேஸ்வரி அடிக்கச் சொன்னாள். கடைசியில் இருந்தது நான்கு வரி. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது இந்த வாரம் தெரிந்தது. அதனால்தான் அடிக்கடி போக வேண்டியிருந்தது. மாத்திரை தொடங்கியிருக்கிறேன், குறையும் என்று டாக்டர் சொல்கிறார். அதுவரை எனக்கு ரிலீவர் வேண்டும்.

ஸ்ரீராம் கடிதத்தையும் சீட்டையும் படித்துவிட்டு, ரகசியமாக வைக்கலாம், லைனில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்றார்.

"நான் போனது எல்லாருக்கும் தெரியும் சார். ஏன் போனேன்னும் தெரியட்டும்."

மெமோவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். கணினியில் ஏறிவிட்டது, எடுக்க முடியாது, விளக்கம் ஏற்கப்பட்டது என்று போட்டு முடித்துவிடலாம் என்றார். அவளைக் கழிப்பறைக்குக் கிட்டே, ஸ்டோருக்குப் பக்கத்து லைனுக்கு மாற்றலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றாள். அதில் வீம்பும் கொஞ்சம் இருந்தது.

அன்று மதியம் கேன்டீனில் சுடலைமுத்து தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எக்கா, எங்கம்மைக்கும் இதுதான்."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"நான் டிப்ளமோ படிக்கையில. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போவா. உடம்பு குச்சியாப் போச்சு. நாங்க யாரும் கவனிக்கல. கால்ல ஒரு புண்ணு வந்து ஆறாமப் போன பொறவுதான் பாத்தோம். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாவ. அவ்வளவும் பாத்த ஆளு நான். உங்க பக்கத்துல நின்னுக்கிட்டு மணிய எழுதிட்டு இருந்திருக்கேன்."

"நீ எழுதினதாலதான் டாக்டருக்கு வெளங்குச்சு, தம்பி."

அவள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு அது ஆறுதலாகவும் இல்லை. பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து அவள் கை தூக்கினால், ரிலீவர் இல்லாவிட்டால் அவனே வந்து நின்றான். ஒயர் சொருகுவதில் அவன் கை மெதுவு. இரண்டு பலகைகள் தேங்கும். ஆனால் விளக்கு எரியாது.

மாத்திரை முதல் வாரம் வயிற்றைக் கலக்கியது, பிறகு பழகியது. இருபது நாளில் தாகம் அடங்கியது. ஒரு ஷிஃப்டுக்கு மூன்று தடவை என்ற நிலைக்கு வந்தாள். அரிப்பு டாக்டர் கொடுத்த மருந்தில் ஒரே வாரத்தில் போயிற்று. புதுக் கண்ணாடிதான் வீணானது. சர்க்கரை இறங்க இறங்கப் பார்வையும் மாறியது. அந்தக் கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றியது. அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், மூன்று மாதம் போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் கண்ணில் சொட்டு விட்டு உள்ளே பார்த்தார்கள். விழித்திரையில் பாதிப்பு இல்லை. சாயங்காலம் வரை எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. முனிவேலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் வீட்டுக்கு வந்தாள்.

களியை ஓர் உருண்டையாகக் குறைத்தது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சில நாள் தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஊர்க்கோடி வரை நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டரை மணி நேரம் நின்ற கால் நடக்க மறுத்தது. வாரத்தில் நான்கு நாள் நடந்தாள், மூன்று நாள் நடக்கவில்லை. நாராயணம்மா ஞாயிற்றுக்கிழமை கருவியோடு வருவாள். முனிவேலையும் பார்க்கவேண்டும் என்பாள். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அக்டோபரில் மறுபடி பார்த்தபோது சராசரி ஏழரைக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்றார் டாக்டர். ஒப்பந்தம் டிசம்பரில் புதுப்பிக்கப்பட்டது. வழக்கம்போல ஒரு வருடத்துக்கு.

இதற்கிடையில் பஸ்ஸில் ஒரு மாற்றம் வந்திருந்தது. மாதேஸ்வரி பக்கத்து இருக்கை காலியாக இருப்பதில்லை. யாராவது ஒருத்தி வந்து உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ராத்திரி எத்தனை தடவை எழுந்தால் தப்பு என்றோ, சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குக் கேட்கிறேன் என்று சொல்லி அரிப்பைப் பற்றியோ கேட்பாள். மாதேஸ்வரி தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வாள். தெரியாததற்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் லைனிலிருந்து நான்கு பேர் போய்ப் பார்த்தார்கள். ஒருத்திக்கு இருந்தது. அறிகுறி எதுவுமே இல்லாமல் இருந்தது. அவள் பெயரை மாதேஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காளியம்மாள் வந்து உட்கார்ந்தாள். சூளகிரி தாண்டியதும், தனக்கும் கொஞ்ச நாளாகத் தாகமாக இருக்கிறது, அம்மாவுக்கும் சுகர் உண்டு என்றாள். போன் விஷயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாதேஸ்வரியும் கேட்கவில்லை. எங்கே போகவேண்டும், வெறும் வயிற்றில் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று சொன்னாள்.

நான்கு நாள் கழித்துக் காளியம்மாள் பஸ்ஸில் ஏறியதும் நேராக அவளிடம் வந்தாள். முகத்தில் கோபம்.

"தொண்ணூத்தி நாலாம். ஒண்ணுமே இல்லையாம். உன் பேச்சக் கேட்டுப் போயி அரை நாள் லீவு போச்சு."

"நல்லதுதானே."

"என்னா நல்லது? ரெண்டு மணி நேரம் வரிசைல நின்னேன், டீகூடக் குடிக்காம."

"உங்கம்மாவுக்கு இருக்குதுல்ல. அடுத்த வருசமும் போய்ப் பாரு."

காளியம்மாள் அவளை முறைத்தாள். பிறகு, வேறு இடம் காலியாக இருந்தும், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பஸ் ஓசூரை நோக்கிக் கிளம்பியது.